ஏழ்மைக்கு மாலை போடாதீர்கள்

கேள்வி: கம்போடியாவின் மூங்கில் ரயிலை வீடியோவில் பார்த்து அசந்துபோனேன். கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் அந்த எளிய மக்களிடம்தானே உண்மையான கலை இருக்கிறது? வசதி வந்தால் அந்தக் கற்பனை செத்துவிடும் அல்லவா?

பதில்: அசந்தது சரி. ‘எளிய’ என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

நீங்கள் பார்த்த வண்டிக்கு அங்கே நோரி என்று பெயர். மரச்சட்டத்தில் மூங்கில் பட்டைகளைப் பரப்பிய கட்டில் மாதிரி. அடியில் சக்கரத்தோடு இரண்டு அச்சுகள். கட்டிலை அவற்றின் மேல் தூக்கி வைப்பதோடு சரி. பின்பக்கம் ஒரு சின்ன இன்ஜின், அதிலிருந்து அச்சுக்கு பெல்ட். தொடக்கத்தில் அதுவும் இல்லை, படகு தள்ளுவதுபோல் கழியால் தள்ளினார்கள். ஏன் எதையும் இறுக்கி முடுக்கவில்லை? இருப்பது ஒற்றைப் பாதை. எதிரே இன்னொரு நோரி வந்தால், பாரம் குறைந்த வண்டிக்காரர் தன் வண்டியைப் பிரித்து ஓரமாக வைக்க வேண்டும். மற்றவர் போனதும் மாட்டிக்கொண்டு கிளம்பலாம். சில நிமிட வேலை. சிக்னல் இல்லை, ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, விதி மட்டும் உண்டு. இதை எளிமை என்றால் தச்சனுக்கும் ஃபிட்டருக்கும் கோபம் வரும்.

அந்த ரயில் பாதை ஏன் காலியாகக் கிடந்தது என்று யோசித்தீர்களா? 1930களில் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது. உள்நாட்டுப் போர், 1975 முதல் 1979 வரை க்மேர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் கொடூர ஆட்சி, அதன் பிறகும் சண்டை, கண்ணிவெடி. ரயிலை நம்ப முடியாது. ஆனால் நெல் மூட்டை சந்தைக்குப் போயாக வேண்டும். நோரி பிறந்தது கலைத்தாகத்தில் அல்ல.

அங்கே மின்கம்பி எட்டாத கிராமங்களில் கார் பேட்டரியில்தான் விளக்கும் டி.வி.யும் ஓடின. தீர்ந்தால் சார்ஜ் போடும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கரண்ட் வந்தபின் அந்தச் சுமையை நினைத்து யாராவது உருகுவார்களா என்ன!

வசதி வந்தால் கற்பனை சாகாது, வேறு வேலைக்குப் போகும். மோட்டார் சைக்கிளின் பின்னால் இழுவண்டி மாட்டி ‘ரெமோர்க்’ ஆக்கி, ஆளையும் சரக்கையும் ஏற்றுகிறார்களே, அதுவும் அதே கைவேலைதான்.

நல்ல சாலை வந்ததும் நோரி ஓடிய பட்டம்பாங் நகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களே நோரியைக் குறைத்துக்கொண்டார்கள். ரயில் பாதையைச் சீரமைப்பதற்காக 2017இல் பழைய தடத்திலிருந்தும் அது போய்விட்டது. பிறகு பனான் மலைக்கோயில் பக்கம் புதிதாகத் தண்டவாளம் போட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஓட்டுகிறார்கள். அங்கே டிக்கெட் வாங்குகிறவர் யாரும் நெல் மூட்டையோடு வருவதில்லை.