ஒயில் சாம்பிள் எடுப்பது எப்படி? வாசகர் கேள்விகள்

எஞ்சினின் தேய்மானத்தை அறிய, ஹயேஸ் வானுக்கு ஒயில் மாற்றும்போது சாம்பிள் எடுத்துக் கொழும்பிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்ப நினைக்கிறேன். சம்ப் நட்டைக் கழற்றியதும் போத்தலைப் பிடித்தால் போதுமா? – கோப்பாய்

போதாது. முதலில் வருவது சம்பின் (எஞ்சினின் கீழுள்ள ஒயில் தொட்டியின்) அடியில் படிந்த அழுக்கும், நட்டைச் சுற்றி ஒட்டியிருந்த செம்மண்ணும்தான். அதைப் பரிசோதித்தால் சிலிக்கன் (மண், புழுதியின் அடையாளம்) கூட என்று ரிப்போர்ட் வரும். நீங்கள் எயர் பில்டரைச் சந்தேகித்து வீணாகக் காசு செலவழிப்பீர்கள்.

வானை ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஆறவிட்டால் தேய்மானத் துகள்கள் அடியில் இறங்கிவிடும். நிறுத்திய சில நிமிடங்களில் கையுறை போட்டுக்கொண்டு, நட்டையும் சுற்றுப்புறத்தையும் நூல் உதிராத துணியால் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். ஒரு லீற்றர் அளவு பேசினுக்குள் போகட்டும். ஒழுக்கு சீரானதும் போத்தலை நீட்டி முக்கால்வாசி நிரப்பி உடனே மூடுங்கள். கால்வாசி இடம் விடுவது, ஆய்வுகூடத்தில் குலுக்கிக் கலப்பதற்கு. கடைசியாகச் சொட்டுவதைப் பிடிக்கவே கூடாது.

போத்தல் மூடியைக் கடைசி நிமிடத்தில் மட்டும் திறவுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்தில் வைத்து இந்த வேலை பார்க்காதீர்கள். வலிகாமத்துப் புழுதிக்கு ஒரு திறந்த போத்தல் போதும்.

தண்ணீர்ப் போத்தலைக் கழுவிப் பாவிக்கலாமா? – மானிப்பாய்

வேண்டாம். 100 மில்லி ஒயிலில் இரண்டு சொட்டு நீர் நின்றாலே கிட்டத்தட்ட 0.1 வீதம். எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறதோ என்று பயப்பட வைக்கும் அளவு அது. ஆய்வுகூடம் தரும் போத்தலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒயில் மாற்ற இன்னும் நாளிருக்கிறது. நட்டைத் திறக்காமல் எடுக்க வழியுண்டா? – உரும்பிராய்

உண்டு. டிப் ஸ்டிக் (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) போகும் வழியால் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை இறக்கி உறிஞ்சலாம். இதற்கென்று கைப்பம்பு இருக்கிறது. இல்லையென்றால் பாமசியில் விற்கும் பெரிய சிரிஞ்சும் சரிவரும். குழாயின் நுனியை டிப் ஸ்டிக்கின் நுனியோடு சேர்த்துப் பிடித்து, டிப் ஸ்டிக்கின் கைபிடி வரும் இடத்தில் குழாயில் அடையாளம் இடுங்கள். அதைத் தாண்டி இறக்கினால் சம்பின் அடியில் முட்டி, படிவைத்தான் உறிஞ்சும். சிரிஞ்சின் உட்புறத்தில் சிலிக்கோன் பூச்சு இருக்கும், அதுவும் ரிப்போர்ட்டில் சிலிக்கனாகத் தெரியும், அதனால் முதல் இழுப்பைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். குழாய் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கவேண்டும். பழைய குழாயைக் கழுவிப் பாவித்தால் போன வண்டியின் செம்பும் இரும்பும் இந்த வண்டியின் கணக்கில் ஏறும்.

ஒருமுறை நட்டால், மறுமுறை குழாயால் என்று மாற்றி மாற்றி எடுத்தால் ரிப்போர்ட்டுகளை ஒப்பிட முடியாது. என் கண்ணில் ஒரு தனி ரிப்போர்ட்டுக்குப் பெறுமதி குறைவு. அடுத்தடுத்து வரும் மூன்று நான்கில் இரும்பு ஏறுகிறதா என்று பார்ப்பதில்தான் காசின் பலன் இருக்கிறது.

படகு எஞ்சினில் ஒயில் சாம்பல் நிறமாகிவிட்டது. கடல் நீரா? – குருநகர்

பெரும்பாலும் நீர்தான். கடல் நீரா, கூலன்ட்டா என்பதை ஆய்வுகூடம் சோடியம், பொற்றாசியம் அளவுகளை வைத்துப் பிரித்துச் சொல்லும். அதுவரை வீட்டில் ஒன்று செய்யலாம். சூடான தகட்டில் ஒரு சொட்டு ஒயில் விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் நீர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு தள்ளி நின்று செய்யுங்கள், தெறிக்கும். சாம்பிள் எடுக்கும் கையும் துணியும் உப்பில் நனைந்திருக்கக் கூடாது, இல்லையென்றால் அந்தச் சோடியம் உங்கள் கையிலிருந்து போனதாகிவிடும். எஞ்சினை இதற்குமேல் ஓட்டவேண்டாம்.

வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் மண்ணெண்ணெய் மெசினுக்கும் பரிசோதனை தேவையா? – புத்தூர்

தேவையில்லை. அது கொள்ளும் ஒயிலே ஒரு லீற்றருக்குக் குறைவு. மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து நீர்த்துப்போவது அந்த மெசின்களில் வழமை. முகர்ந்தாலே தெரியும். பரிசோதனைக் காசுக்கு ஒயிலையே மாற்றுங்கள். மாற்றிய பழசை வரப்பில் ஊற்றாதீர்கள், கீழே சுண்ணக்கல், அதற்குக் கீழே உங்கள் கிணறு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் வந்த கதை உங்களுக்குத் தெரியும்.

போத்தலில் என்ன எழுதவேண்டும்? – சாவகச்சேரி

வண்டி, திகதி, மொத்தக் கிலோமீற்றர், இந்த ஒயில் ஓடிய கிலோமீற்றர், ஒயிலின் பெயரும் கிரேட்டும், இடையில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இடையில் ஒரு லீற்றர் புது ஒயில் ஊற்றியிருந்தால் தேய்மான அளவு குறைந்து, எஞ்சின் திறம் என்பதுபோலத் தோன்றும். லேபிளைச் சாம்பிள் எடுக்கும் முன்பே ஒட்டிவிடுங்கள், ஒயில் கையால் ஒட்டினால் ஒட்டாது.