நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத அம்மா

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். ஆறு மாத விசாவில் ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 69, சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஜூலையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோருமாக ஸ்காட்லாந்தில் கிளென்கோ பக்கம் ஒரு கேம்ப்சைட்டில் நாலு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கினோம். லாக் லீவன் கரையில், தண்ணீரை ஒட்டியே இடம் கிடைத்தது. பாத்ரூம் மட்டும் கொஞ்சம் தூரம். ராத்திரி பத்தரை வரை வெளிச்சம், சுற்றிலும் மலை, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மிட்ஜ் பூச்சிக்கடியும் ஒருநாள் மழையும்தான் தொந்தரவு. அம்மாதான் எதிலும் ஒட்டவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று பிடிவாதம். கேட்டால் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்பார். செப்டம்பர் கடைசியில் ஸ்கை தீவுக்குப் போகத் திட்டம். "நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். அவர் மனதை எப்படி மாற்றுவது?
- வாசகர், ஹாரோ

பதில்: உங்கள் அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. ராத்திரியில் பாத்ரூம் போக வழி தெரியாமல் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார். அதே கடிதத்தில் "பாத்ரூம் மட்டும் கொஞ்சம் தூரம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரியையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

சாயங்காலம் நாலு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழு மணிக் காபி வரை பதினைந்து மணி நேரம். நாலு நாளும் அப்படியே. சர்க்கரை உள்ளவருக்கு உடம்பில் நீர் குறைவது நல்லதல்ல. பிபி மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் பிரியவைப்பவை. அவற்றையும் சாப்பிட்டுக்கொண்டு தண்ணீரையும் நிறுத்தினால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். டென்ட் கயிறுகள் குறுக்கும் நெடுக்கும் கிடக்கிற ஈரப் புல்லில் தலைசுற்றல் வந்தால் இடுப்பெலும்புதான் போகும். சிறுநீர்த் தொற்றும் வரலாம். வயதானவர்களுக்கு எரிச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பமாகவும் அது தொடங்கலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் அரசு மருத்துவ சேவையான NHS-இன் உதவி எண் 111-ஐக் கூப்பிடுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிற பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள்.

அம்மாவின் இடத்திலிருந்து அந்த ராத்திரியைப் பாருங்கள். தரையோடு தரையாகக் காற்று மெத்தை. முட்டி மடக்கி எழ வேண்டும். உள் ஜிப், வெளி ஜிப் இரண்டையும் குனிந்து திறக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் பேரப்பிள்ளைகள் விழித்துவிடுவார்களோ என்று தயக்கம். வெளியே போனால் புடவை முழங்கால் வரை நனையும். அங்கே போய்ச் சேர்ந்தால் பேப்பர் மட்டும்தான் இருக்கும். கழுவ ஒரு கப் கிடையாது. இதையெல்லாம் மகனிடம், அதுவும் மருமகள் காதில் விழ, எந்த அம்மா வாய்விட்டுச் சொல்வார்? சொல்ல மாட்டார். "ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்பார். பெற்றவள் கேட்காமலே பார்த்துச் செய்வதுதான் பிள்ளையின் கடமை. கேட்டுச் செய்ய ஹோட்டல் சிப்பந்தி போதும். மருமகளின் தலையில் இதைத் தள்ளிவிடவும் முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள்.

அந்த இடமும் தவறு. நீர்க்கரைப் பள்ளத்தில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். காற்றோட்டம் இல்லாத ஈரமான இடத்தில்தான் மிட்ஜ் மொய்க்கும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே அவற்றால் பறக்க முடியாது. அதனால் சற்று மேடான, காற்றுப்படுகிற இடம்தான் நல்ல இடம். நம் கொசுவலையின் கண்ணில் மிட்ஜ் புகுந்து வந்துவிடும், மிட்ஜுக்கென்றே நெய்த வலை வேண்டும். புடவை கட்டுபவருக்கு இடுப்பு, கழுத்து, கணுக்கால் மூன்றும் திறந்திருக்கும். உங்கள் ஜீன்ஸுக்கு வெறும் தொந்தரவாக இருந்தது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டீர்களா?

இனி ஸ்கை. செப்டம்பர் கடைசியில் மிட்ஜ் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆனால் அங்கே சூரியன் ஏழு மணியளவில் மறைந்து மறுநாள் ஏழு மணிக்குமேல்தான் வரும். ஜூலையில் பத்தரை வரை இருந்த வெளிச்சம் இப்போது இல்லை. பாத்ரூமுக்குப் போகிற ஒவ்வொரு நடையும் இருட்டில்தான். கூடவே பலத்த காற்றும் மழையும். அம்மா "நீங்க போயிட்டு வாங்க" என்பது சரியான கணக்கு.

என் யோசனை: ஸ்கையில் நீங்கள் தங்கப்போகும் கேம்ப்சைட்டிலேயே, உள்ளேயே கழிப்பறையும் ஹீட்டரும் உள்ள ஸ்டாட்டிக் கேரவனையோ (ஒரே இடத்தில் நிறுத்திவைத்திருக்கும் வண்டிவீடு) 'பாட்' (pod) என்கிற சின்னக் குடிலையோ அம்மாவுக்கு எடுங்கள். பாட் என்றால் உள்ளே டாய்லெட் உண்டா என்று கேட்டே எடுங்கள், பலவற்றில் கட்டிலும் விளக்கும் மட்டும்தான் இருக்கும். ஒரு பேரப்பிள்ளை அவரோடு படுக்கட்டும். நீங்கள் பத்தடி தள்ளி டென்ட் போட்டுக்கொள்ளுங்கள். சீசன் முடிந்து பல இடங்கள் மூடத் தொடங்கும் காலம் அது, இன்றே போன் செய்யுங்கள். கேட்க வேண்டியது: கழிப்பறை எத்தனை மீட்டர், வழியில் விளக்கு உண்டா, பாதை கெட்டியா புல்லா, ராத்திரியும் திறந்திருக்குமா.

அறை கிடைக்காமல் டென்ட்தான் என்றால் கழிப்பறைக்கு முப்பது மீட்டருக்குள் இடம் கேளுங்கள். வாசல் அந்தப் பக்கம் பார்க்கட்டும். அம்மாவின் படுக்கை வாசலை ஒட்டி இருக்கட்டும். கயிறுகளில் வெளிர் நிறத் துணி கட்டுங்கள். அம்மாவுக்குத் தலையில் மாட்டும் டார்ச் கொடுங்கள், கையில் பிடிக்கிற டார்ச் புடவையைத் தூக்கிப் பிடிக்க விடாது. பின்னும் ஒரு போர்ட்டபிள் டாய்லெட் வாங்கி, டென்டின் முன்னறையில் திரை கட்டி வையுங்கள். பலவற்றில் உட்காரும் உயரம் 30 செ.மீ. சொச்சம்தான், முட்டிவலிக்காரர் எழ முடியாது. 40-க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். பக்கத்தில் ஒரு சொம்பு, ஃபிளாஸ்க்கில் இளஞ்சூட்டுத் தண்ணீர். நாம் தண்ணீரில் கழுவுவதால் கீழ்த்தொட்டி சீக்கிரம் நிறையும், தினமும் காலையில் கேம்ப்சைட்டின் கழிவு ஊற்றும் இடத்தில் காலி செய்யுங்கள். அந்த வேலை உங்களுடையது. உங்கள் மனைவியுடையதும் அல்ல, அம்மா தானே தூக்கிக்கொண்டு நடக்கும்படியும் விடக்கூடாது.

படுக்கைக்குக் காற்று மெத்தை வேண்டவே வேண்டாம். உள்ளே அடைத்த காற்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். விடிகாலையில் காற்று குளிர்ந்து சுருங்கி, மெத்தையும் தொய்ந்துவிடும். 45 செ.மீ. உயரமுள்ள மடக்குக் கட்டில் வாங்கினால் நாற்காலியிலிருந்து எழுவதுபோல எழலாம். கட்டிலுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடும் என்பதால் அதன்மேல் ஃபோம் பாய், அதன்மேல் கம்பளி. போர்வையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் முதுகுக்குளிர் போகாது. புடவைக்கு உள்ளே கம்பளித் தெர்மல், காலுக்குக் கம்பளி சாக்ஸ். பருத்தி நனைந்தால் காயாது. குளிர்கிறதே என்று அணைந்த பார்பிக்யூ தட்டையோ அடுப்பையோ டென்டுக்குள் எடுத்து வராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

லண்டனிலிருந்து ஸ்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். கிளாஸ்கோ தாண்டியதும் மோட்டார்வே நிறுத்தங்கள் தீர்ந்துவிடும். வழியில் வரும் டைன்ட்ரம், ஃபோர்ட் வில்லியம் ஊர்கள் இரண்டிலும் யாருக்கும் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியை நிறுத்துங்கள். "யாருக்காவது பாத்ரூம் போகணுமா?" என்று கேட்காதீர்கள். நீங்கள் முதலில் இறங்கி, "வாங்கம்மா, காபி குடிக்கலாம்" என்று கூப்பிடுங்கள். காரில் பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கட்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொண்டால் போதும். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் வருடச் சட்டப்படி திறந்த வெளியில் டென்ட் போடும் உரிமை உண்டு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உண்மைதான். அங்கே கழிப்பறை என்பது நீர்நிலைக்கு முப்பது மீட்டர் தள்ளி நீங்களே தோண்டும் குழி. அந்தப் பயணத்தை அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு, அடுத்த வருடம் பிள்ளைகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அறையை உறுதி செய்யுங்கள். பிறகு அம்மா தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "போன தடவை பாத்ரூம் ரொம்பத் தூரம், நான் கவனிக்காம விட்டுட்டேன்ம்மா. இந்தத் தடவை ரூமுக்குள்ளயே இருக்கு, சொம்பும் எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் லண்டன் வீட்டில் அவரைத் தனியாக விட்டுவிட்டு நாலு பேரும் கிளம்பவும் கூடாது.