குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததில் உங்களுக்குக் கிடைத்தது என்ன?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஒரு பையனின் சிரிப்புதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் முன்கதை.

கொரோனா காலத்தில் பிள்ளைகளுக்கு விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், 2021 கடைசியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து உட்காரவைப்பேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. நான் சொல்லும் பையனும் அப்படி வந்தவன்தான்.

பாடத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று படிப்பான். முதல் வாரம் நானும் நம்பிவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன்: வாய் மூன்றாவது வரியில் இருக்கிறது, விரல் முதல் வரியிலேயே நிற்கிறது. பெரிய பிள்ளைகள் படிப்பதைக் கேட்டுக் கேட்டே அத்தனையையும் மனப்பாடம் செய்திருக்கிறான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான்.

சரி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். ட, ப, ம, ர. இந்த நான்கும் புள்ளியும் இருந்தாலே படம், மரம், பட்டம் என்று சேர்த்துவிடலாம். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கவைத்துவிட்டு அப்புறம் சொல்லுக்குப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் நாளே பிள்ளைக்கு ஒரு சொல்லாவது வசப்படவேண்டும்.

கொம்பு வந்த இடத்தில் ரொம்பவே திணறினான். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, ஆனால் வாயில் முதலில் வரவேண்டியது அதற்கு அடுத்த எழுத்தின் ஒலி. 'கொ' என்றால் கொம்பு, க, கால் மூன்றையும் ஒரே பார்வையில் பிடிக்கவேண்டும். நாம் யோசிக்காமல் தாண்டிப்போகும் இடம், எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வேலை! இன்னொன்று, 'க' என்ற ஒரே எழுத்து கல்லில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. இதை விதி சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. எழுத்துக்கூட்டி முடித்ததும், "இதை நம்ம வீட்டுல எப்படிச் சொல்லுவோம்?" என்று மட்டும் கேட்பேன். "தங்... க்கம். தங்... க்கம்... அக்கா, தங்கம்! கம்மல் செய்வாங்களே, அது!"

இருபது பிள்ளைகளில் எல்லோருக்கும் இது கைகூடவில்லை. இரண்டு பேர் எழுத்துக்கூட்டும் இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ என்று இப்போதும் மனது உறுத்துகிறது.

நாலைந்து மாதம் போயிருக்கும். சார்ட் பேப்பரில் நானே ஒரு சின்னக் கதை எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். தாத்தா துண்டைக் கொடியில் காயப்போட்டார். ஆடு வந்தது. துண்டைத் தின்றது. தாத்தா ஆட்டைத் தூக்கித் தலையில் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான் கதை. படம் எதுவும் வரையவில்லை, யாருக்கும் படித்துக்காட்டவும் இல்லை. நான் வேறு ஒரு பிள்ளையின் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவன் சுவரைப் பார்த்து நின்றபடி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஆட்டைப் போய் யாராவது தலையில கட்டுவாங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்பிக்கிற பிள்ளைக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராது. எழுத்து ஒலியாகி, ஒலி சொல்லாகி, தாத்தாவும் ஆடும் அவன் கண் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். யாரும் சொல்லாமல், அவனே பார்த்திருக்கிறான்.

அன்று 7 மணிக்கு அவனைக் கூட்டிப்போக அவனுடைய ஆயா வந்தார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்துக்காட்டினான். இந்த முறை விரலும் வாயும் ஒரே இடத்தில் இருந்தன. ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இன்னொருக்கா படிடா" என்றார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய், நான் பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு வந்து பார்க்கும்போதும் அவன் படித்துக்கொண்டுதான் இருந்தான்.