காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம் இழுத்தால் படகை எங்கே நிறுத்துவது?

மும்பை மனோரி கழிமுகத்தில் நண்பர்களோடு மீன்பிடிக்க வாடகைப் படகில் போகிறீர்கள். பாறை இருக்கும் இடம் தெரியும் என்பதால் அதன் மேலேயே நங்கூரம் போடுகிறீர்கள். காற்றும் ஓட்டமும் மாறி மாறி இழுத்துப் படகு சுற்றுகிறது, மீனும் கடிக்கவில்லை. எங்கே நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே பதில் சொன்னவர்கள் ஆளாளுக்கு ஒரு தூண்டில் ரீலைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டது அதுவா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாறைக்கு மேலே நிற்காதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, தூண்டிலை வீசினால் பாறைக்கு எட்டும் தூரத்தில் நில்லுங்கள். கொடுவா மீன் ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துக்கொண்டு, பாறையை ஒட்டி வேகம் குறைந்த தண்ணீரில் காத்திருக்கும். தண்ணீரே இரையை அதன் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். காற்று உங்கள் படகைத்தான் தள்ளும், மீனைத் தள்ளாது. இடத்தைத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்புறம் படகை அடக்குவதற்குக் காற்றைப் பாருங்கள்.

எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி. அங்கே கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அத்தனை தண்ணீரும் சுமார் 6 மணி நேரத்தில் கழிமுகத்தின் குறுகிய வாய் வழியாக வெளியே போயாக வேண்டும். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. எனக்குச் சொல்லித் தந்தவர் மனோரிக்கு எதிர்க்கரையான மார்வேயில் இருக்கும் ஒரு வயதான தாண்டேல், அதாவது படகுத் தலைவர். மும்பையின் பூர்வீக மீனவர்களான கோலி இனத்தவர். ஆகவே, கோலி மக்களுக்கே இவன் பாடம் நடத்துகிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களிடம் கற்றதைத்தான் சொல்கிறேன்.

ஒரு டிசம்பர் ஞாயிறு, பௌர்ணமிக்கு மறுநாள். ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன் தன் அலுவலக நண்பர்களோடு என்னையும் கூட்டிப் போனான். பகல் 12 மணிக்கு மேல் தண்ணீர் நிறைந்து, 3 மணிக்கெல்லாம் மேற்கே கடலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. கடற்காற்றோ மேற்கிலிருந்து உள்ளே அடித்தது. பையன்கள் பாறைக்கு நேர் மேலே நங்கூரத்தைத் தொப்பென்று போட்டார்கள். பின்னாலிருந்து காற்று தள்ளியதில் படகு நங்கூரத்தின் மேலேயே ஏறி வந்துவிட்டது. கயிறு தொய்ந்து, நாலு பேர் தூண்டில் நரம்பும் படகுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது.

"அண்ணே, இங்க மீனே இல்ல போலிருக்கு" என்றான் பையன்.

"மீன் இருக்குடா தம்பி, நாமதான் அது தலைமேல நிக்கிறோம். நங்கூரத்த எடு" என்றேன்.

படகைக் கிழக்கே, தண்ணீர் வரும் பக்கம் நன்றாக மேலே கொண்டுபோய், நங்கூரத்தைச் சத்தமில்லாமல் இறக்கச் சொன்னேன். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விட்டோம். குறைவாக விட்டால் நங்கூரம் தரையில் பிடிக்காமல் இழுபடும். பிறகு ஒரு பெயின்ட் வாளியைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கம் தண்ணீரில் போட்டேன். ஓட்டம் வாளியைக் கடல் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. காற்று என்ன தள்ளியும் படகு அசையவில்லை. உயிர் இறாலை, கொம்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் பொட்டில் படாமல் முள்ளில் கோத்து, சின்ன ஈயக் குண்டோடு விடச் சொன்னேன். நரம்பு கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இறால் பாறையின் ஓரத்தை எட்டியதும் ராடின் நுனி இரண்டு தடவை லேசாக அசைந்து, மூன்றாவது தடவை தண்ணீருக்குள்ளேயே வளைந்தது. 3 கிலோவுக்கு மேல் ஒரு கொடுவா, இங்கே ஜிதாடா என்பார்கள். பிடித்தவன் அந்தப் பையன்தான். அதே இறால், அதே ராடு. மாறியது நின்ற இடம் மட்டும்.

பாறைக்கு நேர் மேலே நின்று நான் பிடித்திருக்கிறேனே என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் திரும்பும் நேரத்தில் பிடித்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஏற்றத்தின்போது எல்லாம் தலைகீழ் என்பதையும் மறக்காதீர்கள், அப்போது நீங்கள் கடல் பக்கம் நிற்க வேண்டும். நங்கூரத்தை எப்போதும் படகின் முன்பக்கம்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் ஓட்டத்தில் தண்ணீர் உள்ளே ஏறிப் படகு மூழ்கிவிடும். இதில் மட்டும் விவாதமே வேண்டாம். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக இருக்கும்போது கழிமுகத்தின் வாய்ப்பக்கம் அலை செங்குத்தாக எழும், உள்ளேயே இருங்கள்.

இந்த இழுபறியே வேண்டாம் என்றால் நாளைப் பார்த்துப் போங்கள். திதியை முக்காலால் பெருக்கினால் தண்ணீர் நிறையும் நேரம் வரும் என்பது கோலிகளின் கணக்கு. அஷ்டமி எட்டாவது திதி, அதற்கு 6 மணி. குளிர்காலத்தில் விடியற்காலைக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், 6 மணிக்கு மேல் வற்றமும் அதே திசையில் போகும். படகு நேராக நிற்கும். அஷ்டமி ஓட்டம் மிதமானது, பழகுகிறவர்களுக்கு அதுவே நல்லது.

சொல்ல வந்ததோடு சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை. அன்றைக்கு அந்த மீனை ஐஸ் பெட்டியில் வைத்து மூடித்தான் கொண்டுவந்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. மறுநாள் எங்கள் சொசைட்டியில், மீன் கொண்டுவருபவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஐந்தாவது மாடியில் மூட்டுவலியோடு என் அம்மா இருக்கிறார், கீழே மார்க்கெட்டில் கால் கிலோ நெத்திலி வாங்கினாலும் அவர் படியேறித்தான் வர வேண்டும். மீன் பிடித்துப் பிழைத்த கோலிகளின் ஊர் இது. கூட்டத்தில் எழுந்து கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. நோட்டீஸ் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

சரி, நீங்கள் வரும் அஷ்டமியில் போய்ப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். அந்த வாளிக்கு 5 மீட்டர் கயிறு போதும்.