ஜெயித்தது கணக்கில் ஏறும், தோற்றது ஏறாது

கேள்வி: என் கணவர் மாதச் சம்பளக்காரர். 2025-26 நிதியாண்டில் குதிரைப் பந்தயத்தில் அவர் ஜெயித்தது மொத்தம் 1,40,000 ரூபாய், விட்டது 2,10,000. ஒவ்வொரு முறை கிடைத்ததும் 10,000-க்குள்தான் என்பதால் யாரும் வரி பிடிக்கவில்லை. "நஷ்டத்துக்கு யாராவது வரி கட்டுவாங்களா, ரிட்டர்ன்ல காட்டவே வேண்டாம்" என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: இல்லை அம்மா. பிடித்தம் செய்யவில்லை என்றால் வரியே இல்லை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். 10,000 என்பது பணம் கொடுப்பவர் டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடிப்பதற்கான வரம்பு, அவ்வளவுதான். ஜெயித்தவருக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்.

வியாபாரத்தில் வரவு செலவு பார்த்து லாபத்துக்கு வரி போடுவது போல இங்கே கிடையாது. லாட்டரி, சீட்டாட்டம், குதிரைப் பந்தயம் எதுவானாலும் விட்ட பணத்தை ஜெயித்ததில் கழிக்க முடியாது, சம்பளத்திலும் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது, ஏன், லாட்டரிச் சீட்டு வாங்கிய காசைக்கூட செலவாகக் காட்ட வழியில்லை. ஆக 1,40,000-க்கு 42,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 1,680, மொத்தம் 43,680 ரூபாய். வரிச் சலுகைக்காகப் போடும் 80சி முதலீடும் இந்த வரியைக் குறைக்காது. 70,000 போனதோடு இதுவும் சேர்ந்தால் வயிறு எரியத்தான் செய்யும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்று, வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவம் இதற்கு உதவாது, ஐடிஆர்-2 போடச் சொல்லுங்கள். (குதிரையைச் சொந்தமாக வளர்த்து ஓட விடுகிறவர்களுக்கு மட்டும் சில சலுகைகள் உண்டு. உங்கள் கணவர் அந்த அளவுக்குப் போகவில்லை என்று நம்புகிறேன்!)

கேள்வி: ஆன்லைன் ரம்மிக்கும் இதே கணக்குதானா சார்? தடைச் சட்டம் வருவதற்கு முன்பு ஆடியது.

பதில்: அதற்கு வேறு கணக்கு. 2023 ஏப்ரலிலிருந்து அங்கே நிகரமாக ஜெயித்ததற்குத்தான் 30 சதவீதம். வருஷத்தில் எடுத்த பணத்தோடு கடைசியில் கணக்கில் இருந்ததைக் கூட்டி, அதிலிருந்து நீங்கள் போட்டதையும் வருஷ ஆரம்பத்தில் இருந்ததையும் கழிக்க வேண்டும். 50,000 போட்டு 62,000 எடுத்து, ஆரம்பத்திலும் முடிவிலும் இருப்பு இல்லையென்றால் 12,000-க்கு மட்டும் வரி. இடையில் தோற்ற ஆட்டங்கள் இந்தக் கணக்கிலேயே கழிந்துவிடுகின்றன. ஆனால் கடைசியில் நஷ்டம் என்று வந்தால் அது எதிலும் ஈடாகாது, அத்தோடு போச்சு.

கேள்வி: அண்ணன் மகனுக்கு குலுக்கலில் கார் விழுந்திருக்கிறதாம். வரியைக் கட்டினால்தான் சாவி என்று போனில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பொருளாகப் பரிசு கொடுப்பவர், வரி கட்டியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே அதை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மோசடிக்காரர்களுக்கு வசதியாகப் போனதும் அதுதான். வரி கட்டுவது வருமான வரித் துறை இணையதளத்தில், பையனின் பான் எண்ணில், சலான் மூலமாக. யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். முதலில், அவன் அந்தக் குலுக்கலில் சீட்டே வாங்கினானா?