போர்க்காலத்தில் நகரப் பூங்காக்களில் ஆடுமாடுகளை வளர்த்தது உண்மையா?

உண்மைதான், ஆனால் 'வளர்த்தார்கள்' என்பதைவிட 'அடைத்து வைத்தார்கள்' என்பதே சரி. 1870 செப்டம்பரில் பிரஷ்ய (ஜெர்மானிய) படைகள் பாரிஸைச் சுற்றி வளைத்தன. அதற்குச் சில வாரங்கள் முன்பே பிரெஞ்சு அரசு சுமார் 40,000 மாடுகளையும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளையும் ஓட்டிவந்து, போவா தெ பூலோன் பூங்காவில் நிறுத்தியது. பணக்காரர்கள் கோச்சு வண்டியில் உலாப்போன இடம் அது! பாரிஸ் நகருக்குள்ளேயே இருந்த லக்சம்பர்க் தோட்டத்திலும் ஆட்டுமந்தைதான்.

கேட்கப் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் நகரத்தில் இருந்ததோ சுமார் 20 லட்சம் வாய்கள். பூங்காப் புல் இத்தனை கால்நடைகளுக்கு எந்த மூலைக்கு? வெளியிலிருந்து வைக்கோலும் வராது. அதனால் அவற்றைச் சீக்கிரமே வெட்டித் தீர்க்க வேண்டியதாயிற்று. பாலுக்குக் கறவை மாடுகளைப் போதிய அளவு சேர்த்து வைக்காததுதான் என் பார்வையில் பெரிய தவறு. குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

அக்டோபரிலேயே இறைச்சிக்குப் பங்கீடு வந்துவிட்டது. அப்புறம் குதிரை, பூனை, எலி. டிசம்பர் கடைசியில் விலங்குக் காட்சிசாலையில் இருந்த காஸ்டர், போலக்ஸ் என்ற யானைகளையும் கொன்று கறிக்கடைக்கு விற்றார்கள். யானைக்கறியெல்லாம் வசதியானவர்கள் சாப்பாடு. ஏழைகளுக்கு எட்டாத விலை. 1871 ஜனவரி 28-ல் போர்நிறுத்தம் கையெழுத்தானது.