ஒன்பதாவது கேள்வி

அன்புள்ள ஐயா,

பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வசதி குறைந்த பள்ளிகளில் 600 பிள்ளைகளிடம் பிஎச்க்யூ-9 வினாத்தாளைக் கொடுத்து மனச்சோர்வை அளக்கப்போகிறேன். காது கேளாத, பார்வையில்லாத பிள்ளைகளைச் சேர்த்தால் முடிவு குழம்பும், விட்டுவிடுங்கள் என்கிறார் நெறியாளர். அந்தப் பள்ளிகளில் ஆலோசகரும் இல்லை. இப்படி ஓர் ஆய்வால் பயன் உண்டா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பயன் உண்டு. ஆனால் இப்போது வைத்திருக்கும் திட்டத்தோடு தொடங்காதீர்கள்.

அந்த வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வியை எடுத்துப் பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா என்று கேட்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பில் உதவினேன். தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்து, மூன்று வாரம் கழித்துத்தான் கணினியில் ஏற்றினார்கள். நான் புரட்டிய ஒரு தாளில் அந்தக் கேள்விக்கு நேராக, ‘கிட்டத்தட்ட தினமும்’ என்ற கட்டத்தில் டிக். பேனா அழுத்திய அழுத்தத்தில் தாளே கிழிந்திருந்தது. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அது எந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அந்தக் கிழிசலைத் தடவிப் பார்த்தது இன்னும் என் விரலில் இருக்கிறது.

தாள்களை அன்றைக்கே படிக்க ஒருவர், அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேச ஒருவர், தேவைப்பட்டால் அழைத்துப்போக ஓர் இடம். இந்த மூன்றும் தயாராகும்வரை அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வோம் என்பதையும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 600 பேர் 150 பேராகக் குறைந்தாலும் சரி.

ஆலோசகர் இல்லாத இடத்தில் யார் பேசுவது? பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த சேஹர் ஆய்வைத் தேடிப் படியுங்கள். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிள்ளைகளின் நலனுக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், வேறு சிலவற்றில் மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்றவர்களும் நடத்தினார்கள். பயிற்சி பெற்றவர்கள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் சக மாணவர்களின் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் அந்தப் பலன் தெரியவில்லை. இது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் இதைப் படிக்கவில்லை. பாடச்சுமை ஒரு பக்கம். மார்க் போடுகிறவரிடமே மனதைத் திறப்பது பிள்ளைக்கும் லேசல்ல. ஆகவே பேசுவதற்கு உங்களைத் தவிர இன்னொருவரைத் தேடுங்கள்.

அப்புறம், சொற்கள். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மரப்பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ‘மனச்சோர்வு’ என்று அவர்கள் சொல்வதில்லை. ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது என்கிறார்கள். ‘மனசு சரியில்லை’, ‘எதிலும் ஒட்டவில்லை’ என்று பிள்ளைகள் என்னென்ன சொல்கிறார்கள் என்று முதலில் காது கொடுத்துவிட்டு மொழிபெயர்ப்பில் கை வையுங்கள்.

நெறியாளர் சொன்னதில்தான் எனக்குப் பெரிய மறுப்பு. முடிவைக் குழப்புவது அந்தப் பிள்ளைகள் அல்ல, அச்சடித்த தாள். காது கேளாத பிள்ளைக்குக் கேள்வி சைகைமொழிக் காணொளியாகப் போகட்டும். பார்வையில்லாத பிள்ளைக்கு வகுப்பு நடுவில் வாசித்துக் காட்டாதீர்கள். பதில் ஊருக்கே கேட்டுவிடும். ஹெட்போனில் கேட்டு, தானே பொத்தானை அழுத்தும்படி செய்யுங்கள்.

‘அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாமே’ என்றும் சொல்வார்கள். யுனிசெஃபும், மாற்றுத்திறனாளிகள் பற்றிய கணக்கெடுப்புக்காக ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழுவும் 2016இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான வினாத்தொகுதி நல்ல கருவிதான். பார்ப்பது, கேட்பது, நடப்பது பற்றிக் கேட்பதோடு பதற்றம், சோகம் பற்றியும் கேட்கிறது. ஆனால் பதில் சொல்வது தாய் அல்லது வளர்ப்பவர். மகனின் சைகைமொழி தெரியாத தாய்க்கு அவன் ராத்திரி தூங்காமல் எதை நினைக்கிறான் என்று எப்படித் தெரியும்? அவனிடமே கேளுங்கள்.

இதை அப்படியே நெறியாளரிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.